தறியூரில் இறையியல்: அஞ்சல்வழி முதுகலைப் படிப்பும் கூடிக் கற்கும் மரபும்

1. கேள்வி

ஆரணியை வெளியூர்க்காரர்கள் பட்டாலும் அரிசியாலும் அறிவார்கள். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு நகரத்துக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை. ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் எனச் சுற்றிலும் உள்ள ஊர்களில் வீட்டுக்குள்ளேயே தறி இருக்கிறது. உழைப்பு வீட்டோடு, கூலி சேலைக் கணக்கில். பாவு ஏறிவிட்டால் அது முடியும்வரை நெசவாளியால் ஊரைவிட்டு நகர முடியாது. நெசவு என்பது ஒருவர் வேலையும் அல்ல. நூல் சுற்றுவதிலிருந்து பாவு பிணைப்பதுவரை வீடே அதில் இருக்கும்.

இந்த வட்டாரத்தில் இளங்கலை முடித்த ஒருவர், தறியையோ பள்ளி வேலையையோ பிள்ளைகளையோ விட்டுவிடாமல், கிறிஸ்தவ இறையியலை அல்லது மெய்யியலை முதுகலை அளவில் படிக்க நினைத்தால் அதற்கு வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் கிறிஸ்தவ மறைநூல்களையும் அவற்றின் விளக்கத்தையும் பாடமாகக் கொண்ட எம்.ஏ. படிப்பை வழங்கிவந்திருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மெய்யியலில் எம்.ஏ. நடத்துகிறது. இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் வெளிநிலைப் படிப்புகள் பொதுநிலையினரை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை. ஊர்வழக்கில் இவை எல்லாமே ‘கரஸ்’தான்.

இப்படிப் பெறும் கல்வி உண்மையில் இறையியல் கல்விதானா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. இறையியல் என்பது செய்தித் தொகுப்பு அல்ல, வாழ்வுருவாக்கம். அது கூட்டு வழிபாட்டிலும் ஒரே பந்தியிலும் ஆசிரியரின் நிழலிலும் நடப்பது. வீட்டுக்கு வரும் புத்தகக் கட்டில் கிடைப்பது சான்றிதழ் மட்டும் என்பது ஒன்று. குருத்துவக் கல்லூரிகளின் பார்வை பெரும்பாலும் இதுதான். இறையியலைக் குருமாரின் கையிலிருந்து விடுவித்ததே தொலைதூரக் கல்வியின் சாதனை, பட்டதாரி எவரும் சேரலாம் என்ற வாசலே போதும் என்பது மற்றொன்று. திறந்தநிலைக் கல்வியின் ஆதரவாளர்கள் இப்படிப் பேசுகிறார்கள்.

இரு தரப்பும் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கின்றன. என் வாதம் வேறு. இறையியலும் மெய்யியலும் தமிழ்நாட்டில் செழித்த தருணங்களைப் பார்த்தால், அவற்றில் பல குருத்துவக் கல்லூரிச் சுவர்களுக்கு வெளியே நடந்தவை. ஆனால் அவற்றில் எதுவும் தனியறையில் நடக்கவில்லை. அஞ்சல்வழிப் படிப்பின் குறையைத் தூரத்தில் தேடுவது வீண். மாணவரைத் தனியாள் ஆக்கிவிடுவதில்தான் அது இருக்கிறது.

பவுலின் நிருபங்களே உலகின் முதல் அஞ்சல்வழி இறையியல் என்று பட்டமளிப்பு மேடைகளில் சொல்வதுண்டு. கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் அந்த நிருபங்கள் சபை கூடியிருக்கையில் உரக்க வாசிக்கப்பட்டவை. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம், தங்களிடம் வாசிக்கப்பட்ட பிறகு அதை லவோதிக்கேயாவின் சபையிலும் வாசிக்கச் செய்யுமாறு கேட்கிறது. அஞ்சல் வந்தது உண்மை. அதைப் பிரித்துப் படித்தது ஒரு கூட்டம்.

2. மிஷன் வகுத்த வரைபடம்

ஆரணிக்குச் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வந்த வழி ஆற்காடு மிஷன். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் முறைப்படி அமைத்த இந்த மிஷனின் நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. அதன் சபைகள் பின்னர் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. 1976இல் வேலூர் தனிப் பேராயமாயிற்று. கத்தோலிக்கத் தரப்பில் இதே வட்டாரத்தின் பெரிய பெயர் சேத்துப்பட்டு. பாரிஸ் அயல்மறைப்பணி சபையைச் சேர்ந்த தாராஸ் சாமியார் அங்கே தங்கி, சுற்றுக் கிராமங்களில் பெருந்திரளான மக்களைத் திருச்சபைக்குள் கொண்டுவந்தார். இரு மரபுகளிலும் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நெசவாளர்கள் அல்லர். சேரிகளைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். பட்டு நெசவூரில் கிறிஸ்தவ இறையியல் என்று பேசும்போது இந்தச் சமூக இடைவெளியை மறந்துவிடக் கூடாது. தறி ஒரு சமூகத்தின் கையில், சபை வேறொரு சமூகத்தின் கையில் என்றுதான் இங்கே கதை தொடங்குகிறது.

ஆற்காடு மிஷனிடம் ஒரு தனிப் பண்பு இருந்தது. தொடக்க ஆண்டுகளில் அது ஆங்கிலப் பள்ளிகளை நம்பவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் ஊர் ஊராகச் சென்று பேசுவதையே பணியாகக் கொண்டது. அந்தப் பேச்சுக்குத் துணையாக ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தமிழில் ஒரு கையேடு எழுதினார். அதன் ஆங்கில வடிவத்தை ஜாரெட் ஸ்கடர் 1869இல் ‘பஜார் புக்’ என்ற பெயரில் வெளியிட்டார். சந்தையில் எதிர்வாதம் செய்பவருக்கு அவருடைய நூல்களிலிருந்தே மேற்கோள் காட்டிப் பதில் சொல்லும் புத்தகம் அது. அதன் தொனி கண்டனத் தொனி; இன்று அதை விரும்பிப் படிப்பது கடினம். ஆனால் இறையியல் என்பது மறுத்துப் பேசும் ஒருவரின் முகத்துக்கு நேரே செய்யப்படுவது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. எதிராளி பேசாவிட்டால் அந்த நூலுக்கு வேலையே இல்லை.

பின்னர் மிஷன் நிறுவனமாக வளர்ந்தபோது வேலைகள் இடம் பிரிந்தன. 1880களின் இறுதியில் இறையியல் கல்லூரி பலமனேரில் தொடங்கியது. பின்னர் வேலூருக்கு வந்தது. ஆரணிக்கு வந்து சேர்ந்தது தொழிற்பள்ளி. பையன்களுக்குக் கைத்தொழில் கற்பித்து, அவர்கள் சாதியத் தொழிலிலிருந்தும் பண்ணையடிமைத்தனத்திலிருந்தும் விடுபட வழிசெய்வது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். எனினும் வரைபடத்தை மேலிருந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது: தலைக்கு ஓர் ஊர், கைக்கு ஓர் ஊர். வேதத்தைப் படிப்பவர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டும், வேலை கற்பவருக்கு வேதாகமம் காலை ஜெபத்தோடு முடிந்துவிடும் என்ற ஏற்பாடு அப்போதே பதிந்துவிட்டது. உழைக்கிறவர் ஆழ்ந்த இறையியல் படிக்க முடியாது என்பது ஆதித் திருச்சபையின் கருத்தே அல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் சொல்வன்மை மிக்க அப்பொல்லோவை அழைத்துச் சென்று தேவ மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கியவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். கூடாரத் தொழில் செய்த கணவன் மனைவி அவர்கள்.

3. கல்லூரிக்கு வெளியே இறையியல் செய்தவர்கள்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் அசலான கிறிஸ்தவச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வருபவர்கள் குருமார் அல்லர். வி. சக்கரை (1880–1958) வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மாநகரத்தின் மேயராகவும் இருந்தவர். இயேசுவை அவதாரம் என்ற கருத்தின் வழியே விளக்கிய அவருடைய நூல் 1926இல் வந்தது. பி. செஞ்சையா (1886–1959) புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். இருவரும் பகலில் சட்டத்தையும் மிச்ச நேரத்தில் இறையியலையும் பார்த்தவர்கள். இன்றைய மொழியில் சொன்னால் பகுதிநேர ஆய்வாளர்கள்.

ஆனால் அவர்கள் தனியாகச் சிந்தித்தவர்கள் அல்லர். 1908இல் சென்னையில் தொடங்கிய கிறிஸ்தோ சமாஜம் அவர்களுடைய களம். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனரி மாநாடு கூடவிருந்தபோது, அதற்கு எதிர்க்குரலாக இந்தியக் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யும் நூல் ஒன்றை அவர்கள் வெளியிட்டார்கள். அதுவும் ஒருவர் எழுதிய நூல் அல்ல, ஜி. வி. ஜாப், எஸ். ஜேசுதாசன், எட்டி ஆசீர்வாதம் முதலியோரும் சேர்ந்து எழுதிய தொகுப்பு. திருச்சபை நிறுவனத்தைப் பற்றிய அதன் ஐயங்கள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அவை ஏற்கெனவே ஒரு கூட்டத்துக்குள் பலமுறை உரசிப் பார்க்கப்பட்டவை என்பதுதான்.

நேர்முக வகுப்பின் வலிமைக்கும் இந்த வட்டாரத்திலேயே சான்று உண்டு. ஆற்காடு மிஷன் வேலூரில் நடத்திய ஊரீசு கல்லூரியில் படித்தவர் எஸ். இராதாகிருஷ்ணன். உறவினர் ஒருவர் படித்து முடித்த மெய்யியல் பாடநூல்கள் கைக்கு வந்ததால்தான் அவர் அத்துறையைத் தேர்ந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதாவது தொடக்கம் கைமாறிய புத்தகங்களில்தான். ஆனால் புத்தகம் தராத ஒன்றை அவருக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தந்தது. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற மிஷனரி விமர்சனத்தை அவர் அங்கே நேருக்கு நேர் சந்தித்தார். ஏ. ஜி. ஹாக் போன்ற ஆசிரியர்கள் இந்து மெய்யியலைப் பொருட்படுத்தி வாதிட்டவர்கள். ஹாக்கின் கர்மமும் மீட்பும் பற்றிய நூல் 1909இல் வெளிவந்தது. வேதாந்த அறவியல் குறித்து இராதாகிருஷ்ணன் எழுதிய எம்.ஏ. ஆய்வுரை அதற்கு முந்தைய ஆண்டு அச்சேறியது. ஒரு முதுகலை மாணவரின் மெய்யியல், எதிரில் உட்கார்ந்திருந்த கிறிஸ்தவ இறையியலின் சீண்டலால் உருவாயிற்று. இந்தச் சீண்டலைத் தபாலில் அனுப்ப முடியுமா என்பது நியாயமான கேள்வி.

4. குவாத்தமாலாவில் பிறந்த மாற்று

அனுப்ப முடியும், ஆனால் ஒரு நிபந்தனையோடு என்று சொன்னவர்கள் 1963இல் குவாத்தமாலா பிரஸ்பிட்டேரியன் குருத்துவக் கல்லூரியில் இருந்தார்கள். ஜேம்ஸ் எமரி, ரால்ஃப் வின்டர், ராஸ் கின்ஸ்லர் என்ற மூவர். கல்லூரியில் தங்கிப் படித்து முடித்தவர்களில் பலர் கிராமச் சபைகளுக்குத் திரும்பவில்லை. சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்த மூத்த விவசாயிகளோ கல்லூரிக்கு வர முடியாதவர்கள். கல்லூரியைத் தலைநகரிலிருந்து கிராமப்புறத்துக்கு மாற்றிப் பார்த்தும் போதவில்லை. கடைசியில் மாணவரை அழைப்பதை விட்டு, ஆசிரியர்கள் புறப்பட்டார்கள். விரிவாக்கமுறை இறையியல் கல்வி என்று பெயர் பெற்ற ஏற்பாடு இது.

இதன் அமைப்பு மூன்று இழைகளால் ஆனது. தானே படிக்கும்படி எழுதப்பட்ட பாடநூல் ஒன்று. மாணவர் தம் சபையிலும் தொழிலிலும் அன்றாடம் செய்யும் பணி மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பின்னும் வாராந்தரக் கூட்டம் மூன்றாவது. இந்தக் கூட்டத்தில் ஆசிரியர் விரிவுரை நிகழ்த்தக் கூடாது, படிப்பது முன்பே முடிந்திருக்க வேண்டும், பேசுவதற்குத்தான் நேரம். இந்த மூன்றாவது இழையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேதாகமத் தபால் பாடம்தான் என்பதை இவ்வியக்கத்தினர் தெளிவாக அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் தபால் பாடம் பழகிய ஒன்று: துண்டுப்பிரசுரம், கேள்வித்தாள், விடையை அனுப்பினால் அடுத்த பாடம், முடிவில் ஒரு சான்றிதழ். பக்திக்கு அது உதவியிருக்கலாம். ஆய்வுக்கு உதவுமென்று அதை நடத்தியவர்களே சொன்னதில்லை.

இந்தியாவில் இம்முறை 1971இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட, விரிவாக்கமுறை இறையியல் கல்விக்கான தாஃப்டீ அமைப்பின் வழியாக வந்தது. தொழிலில் இருப்பவர்கள் மாலையில் கூடிப் படித்துப் பட்டம் பெறும் ஏற்பாடு அது. கத்தோலிக்கத் தரப்பில் இதற்கு நேர் இணையான ஏற்பாடு இல்லையென்றாலும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு பொதுநிலையினரின் கல்வி புதிய வேகம் பெற்றது. இதில் வடதமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. விழுப்புரம் பக்கத்துக் கல்லேரியில் பிறந்த து. ச. அமலோர்பவதாஸ் (1932–1990) பெங்களூரில் தேசிய விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்தை உருவாக்கினார். பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில், அதாவது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், கிறிஸ்தவவியலுக்கு இடம் பெற்றுத் தந்தார். ஆரணியிலிருந்து பேருந்தில் எட்டக்கூடிய திண்டிவனத்தில் உள்ள தமிழ்நாட்டு விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையம்தான் 1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டாரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது. அண்மைக் காலத் தமிழ்க் கிறிஸ்தவ அறிவுப்பணியில் மிகப் பெரியது என்று நான் கருதுவது இதைத்தான். இதுவும் கூட்டு வேலையே.

5. பல்கலைக்கழகம் தருவதும் விட்டதும்

விரிவாக்கமுறை சபையிலிருந்து வந்தது. அஞ்சல்வழிப் பட்டம் அரசிலிருந்து வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, 1971இல் மதுரைக்கும், 1979இல் அண்ணாமலைநகருக்கும், 1981இல் சென்னைக்கும் வந்தது. பெருகிவந்த மாணவர் எண்ணிக்கையைக் கட்டடம் கட்டாமல் சமாளிப்பது அதன் முதல் நோக்கம். அதன் இயல்புகள் எல்லாம் இந்த நோக்கத்திலிருந்து பிறந்தவை: எல்லாருக்கும் ஒரே புத்தகம், சில நாள் நேர்முக வகுப்பு, முடிவில் எழுத்துத் தேர்வு.

அரசுப் பல்கலைக்கழக முதுகலைக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. செராம்பூரில் எம்.டி.எச். (இறையியல் முதுகலை) சேர பி.டி. (இறையியல் இளங்கலை) முடித்திருக்க வேண்டும், பி.டி.க்குப் போக நடைமுறையில் சபையின் பரிந்துரை வேண்டும். பல்கலைக்கழக எம்.ஏ.வுக்கோ இளங்கலைப் பட்டம் போதும். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்க அதற்கு உரிமை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் துறை சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், இஸ்லாமியவியல் ஆகிய துறைகளோடு ஒரே வளாகத்தில் இருக்கிறது. அத்துறையை நீண்டகாலம் வழிநடத்திய பெலிக்ஸ் வில்ஃப்ரட் (1948–2025), இறையியல் திருச்சபைக்கு மட்டுமல்ல, பொதுச் சமூகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று தம் எழுத்துகள் முழுவதிலும் வாதிட்டவர். ஆரணிக்கு இது வெறும் கோட்பாடு அல்ல. திருமலை, பூண்டி எனச் சமணத் தலங்கள் சூழ்ந்த வட்டாரம் இது. தமிழ்ச் சமணர் இன்றும் வாழும் ஊர்கள் பக்கத்திலேயே உள்ளன. படைப்புக் கடவுளை ஏற்காத ஒரு பழம்பெரும் மெய்யியலை வாழ்ந்து காட்டுபவர் பக்கத்துத் தெருவில் இருக்கையில், கடவுளின் இருப்புக்கு அக்வினாஸ் தந்த ஐந்து வழிகளை மட்டும் மனப்பாடம் செய்வது விநோதமான மெய்யியல் கல்வி.

விதிகளும் அந்த மனப்பாடத்துக்கே துணைபோகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டுத் திறந்தநிலை, தொலைதூரக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி மதிப்பீட்டில் எழுபது விழுக்காடு பருவ இறுதித் தேர்வுக்கு. மீதி முப்பது தொடர் மதிப்பீட்டுக்கு. நடைமுறையில் தொடர் மதிப்பீடு என்பது அசைன்மென்ட். அது பல நேரங்களில் ஜெராக்ஸ் கடையிலிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். திரித்துவக் கோட்பாட்டின் வரலாற்றை மூன்று மணி நேரத்தில் ஐந்து வினாக்களுக்கு விடையாக எழுதிவிடலாம். அந்தக் கோட்பாட்டை ஏற்காத நண்பரிடம் பத்து நிமிடம் விளக்குவது அதைவிடக் கடினம். பின்னதைச் சோதிக்க விடைத்தாளில் இடமில்லை.

நேரக் கணக்கும் கவனிக்கத் தக்கது. ஒரு கிரெடிட்டுக்கு முப்பது மணி நேரப் படிப்பு என்பது தொலைதூரக் கல்வியின் அளவுகோல். 64 கிரெடிட் கொண்ட முதுகலைக்கு 1,920 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டுமானால் வாரம் ஏறத்தாழ 18 மணி நேரம். சேலைக் கணக்கில் கூலி பெறும் குடும்பத்தில் அந்த 18 மணி நேரம் யாருடைய கூலியிலிருந்து கழியும்? ஜக்கார்டு தறியின் ஓசையில் விரிவுரையைக் காதில் கேட்டுக்கொண்டே நெய்யலாம் என்பவர் தறிக்குப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டார். ஆகவே நடைமுறையில் இப்படிப்புகள் நெசவாளியை எட்டுவது அரிது. எட்டுவது பள்ளி ஆசிரியரை, ஓய்வு பெற்ற அரசு ஊழியரை, ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கும் போதகரை. வாசல் திறந்திருப்பதாலேயே எல்லாரும் உள்ளே வந்துவிட்டதாகச் சொல்லக் கூடாது.

பட்டத்தின் மதிப்பு பற்றி ஓரிரு சொற்கள். செராம்பூரின் பட்டமளிக்கும் அதிகாரம் டென்மார்க் மன்னர் 1827இல் தந்த சாசனத்திலும் 1918ஆம் ஆண்டு வங்காளச் சட்டத்திலும் வேர்கொண்டது. ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரம் இறையியல் நிறுவனங்கள் தமக்குள் வைத்துக்கொண்ட தர அளவு. அது பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரத்துக்கு ஈடாகாது. இவற்றில் எதுவும் இல்லாமல், பணம் கட்டினால் வீட்டுக்கு வரும் ‘டாக்டர்’ பட்டங்களும் உண்டு. சபை அறிவிப்புப் பலகைகளில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. அஞ்சல்வழி இறையியல் என்றதும் கல்வியாளர்கள் முகம் சுளிப்பதற்கு இந்த வணிகமும் காரணம். சேர்வதற்கு முன் அந்த ஆண்டுக்கான அனுமதி அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று தொலைதூரக் கல்விப் பணியகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்வதே போதும். பெரும்பாலான ஏமாற்றுகள் அங்கேயே நின்றுவிடும்.

6. தனிமைக்கும் ஒரு நியாயம்

கூட்டத்தை இவ்வளவு போற்றியபின் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சிற்றூரில் பத்துப் பேர் கூடினால் அங்கே யார் பேசுவார், யார் கேட்பார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. போதகர் வந்தால் விவாதம் பிரசங்கமாகும். மூப்பர் வந்தால் கேள்வி குறையும். பெண்கள் குறிப்பெடுப்பார்கள். சாதி தன் இருக்கையைத் தானே பிடித்துக்கொள்ளும். தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் தந்துவருகிறது. ஆனாலும் வேதபாட வகுப்பில் ஒரு பெண் பவுலை மறுத்துப் பேசினால் எழும் மௌனம் அவ்வளவாக மாறவில்லை. இத்தகைய ஊரில் ஒரு பெண் சமையல் முடிந்த பிறகு தனியாகப் பெண்ணிய இறையியல் பாடத்தைப் படிப்பது, அந்தக் கூட்டத்தில் உட்காருவதைவிடப் பெரிய விடுதலையாக இருக்கலாம். நம்பிக்கையில் ஐயம் தோன்றி, அதை யாரிடமும் சொல்ல முடியாத இளைஞருக்கும் அப்படித்தான்.

தலித் இறையியலின் வரலாறு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அரவிந்த் நிர்மல் 1980களில் எழுப்பிய கேள்விகள், பின்னர் சென்னைக் குருக்குல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் ஒரு துறையாகவே வளர்ந்தன. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன், நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே புதிதாக அமைத்தார். இவை எல்லாம் தங்கிப் படிக்கும் கல்லூரிகளில் நடந்தவை. ஆரணி வட்டாரச் சபைகளில் பெரும்பான்மையோரின் வாழ்வு அந்த இறையியலின் பொருள். ஆனால் அவர்கள் அதன் வாசகர்களாக ஆவது அரிதாகவே நடந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியல் சாதிகளுக்கான பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதால் ஏற்பட்ட இழப்பை அவர்கள் விளக்கத் தேவையில்லாமலே அறிவார்கள். அதை இறையியல் கேள்வியாக எழுதிக் காட்டிய பக்கங்கள் ஒரு முதுகலைப் பாடக்கட்டின் வழியே வீட்டுக்கு வருமானால், தபால்காரர் கொண்டுவருவது சிறிய பொருள் அல்ல. அந்தப் பக்கங்களை முதலில் தனியாகப் படிப்பதும் தேவைதான். மேல்சாதிக் கிறிஸ்தவர் எதிரில் அமர்ந்து அதை விவாதிக்கும் முன், தனக்குள் ஒருமுறை படித்து முடித்திருக்க வேண்டும்.

எனவே என் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். தனிமை தொடக்கத்துக்குத் தகும். முழுப் படிப்பும் அதிலேயே கழியக் கூடாது. எந்தக் கூட்டம் என்பதும் முக்கியம். சபைக்குள் கூடுவதைவிட, சபைக்கு வெளியே, வேறு நம்பிக்கையாளரும் நம்பிக்கையற்றவரும் உட்காரும் கூட்டமே முதுகலை மெய்யியலுக்குப் பொருத்தம். பொது நூலக வாசகர் வட்டம் அதற்குக் கிறிஸ்தவ ஆலய வளாகத்தைவிட நல்ல இடம்.

7. மொழியும் ஆய்வேடும்

ஒரு கூட்டம் கூடினால் அது ஆரணியில் தமிழில்தான் பேசும். முதுகலை இறையியல் நூல்களின் பெரும்பகுதியோ ஆங்கிலம். படிப்பது ஒரு மொழியில், சிந்தித்து வாதிடுவது வேறொரு மொழியில் என்ற பிளவு தங்கிப் படிப்பவருக்கும் உண்டு. ஆனால் அங்கே ஆசிரியர் வகுப்பிலேயே தமிழில் விளக்கிவிடுகிறார். அஞ்சல்வழி மாணவருக்கு அந்தப் பாலம் இல்லை. புரியாத பத்தியை அவர் அப்படியே விடைத்தாளுக்குக் கடத்துகிறார்.

தமிழில் இதற்கு வளம் இல்லை என்று சொல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் தெ நொபிலி (1577–1656) ‘ஆத்தும நிருணயம்’ போன்ற நூல்களில் ஆன்மாவின் இயல்பைப் பற்றி அரிஸ்டாட்டில், அக்வினாஸ் வழிவந்த வாதங்களைத் தமிழ் உரைநடையில் எழுதினார். அவரது சமூக அணுகுமுறை குறித்து, குறிப்பாகச் சாதியோடு அவர் செய்துகொண்ட சமரசம் குறித்து, கடுமையான விமர்சனங்கள் உள்ளன. எனக்கும் அவற்றில் உடன்பாடே. ஆனால் நவீனத் தமிழ் உரைநடை நிலைபெறும் முன்பே கடினமான மெய்யியல் வாதம் தமிழில் எழுதப்பட்டது என்பதை அந்த விமர்சனம் மாற்றாது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் தொடங்கிய நாள்முதல் தமிழில் இறையியல் கற்பிப்பதைத் தன் அடையாளமாகவே கொண்டது. 1858இல் வேர்கொண்ட கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் இறையியல் நூல்களைத் தமிழில் வெளியிட்டுவந்திருக்கிறது. இருந்தும் முதுகலை என்றவுடன் மொழி மாறிவிடுகிறது. அறிவின் படிக்கட்டில் மேலே ஏற ஏறத் தமிழைக் கழற்றி வைக்க வேண்டும் என்ற பழக்கம் இறையியலுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் சாமானியரின் மொழியில் வேதத்தைத் தருவதற்காகவே பிறந்த சீர்திருத்த மரபில் அது கூடுதலாக உறுத்துகிறது.

பாடக்கட்டை ஒரே ஆண்டில் தமிழாக்கிவிட முடியாது. உடனே செய்யக்கூடியது, எழுதும் உரிமையைத் தருவது: அசைன்மென்டையும் ஆய்வேட்டையும் தமிழில் ஏற்பது, தேர்வின் எழுபது விழுக்காட்டில் பெரும்பகுதியை அந்த ஆய்வேட்டுக்கு ஒதுக்கி மதிப்பிடுவது, அதை எழுதிய ஊரிலேயே ஒரு பொது அரங்கில் வாசித்துப் பதில் சொல்லச் செய்வது. செராம்பூர் கல்லூரியின் 1818ஆம் ஆண்டுத் திட்டம், ஆசியக் கிறிஸ்தவர்களோடு பிற இளைஞர்களையும் சேர்த்துக் கீழைத்தேய இலக்கியமும் மேலைத்தேய அறிவியலும் கற்பிப்பதாகவே அறிவித்தது. நான் கேட்பது அந்தப் பழைய அறிவிப்பைவிடப் பெரிதல்ல.

ஆரணியிலிருந்து எழுதுபவருக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. 1990களில் காஞ்சிபுரம், ஆரணி வட்டாரப் பட்டுத் தறிகளில் சிறுவர் உழைப்பும் முன்பணக் கடனும் பெரிதாகப் பேசப்பட்டன. முதலாளி தந்த முன்பணம் தீரும்வரை தறியை மாற்ற முடியாத நெசவாளியின் நிலையை, 1891இல் பதின்மூன்றாம் லியோ எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலோடும் விவிலியத்தின் யூபிலி ஆண்டுச் சட்டத்தோடும் சேர்த்து ஆராய முடியும். சமண அகிம்சையின் முன் பட்டுப்புழுவைக் கொதிநீரில் இடுவது, படைப்பின்மேல் மனிதனுக்கு ஆதியாகமம் தரும் ஆளுகையைப் பற்றிய கடினமான கேள்வியாக மாறுகிறது. அதைப் பூண்டியில் ஒரு சமணக் குடும்பத்தோடும் ஒண்ணுபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தோடும் பேசாமல் எழுத முடியாது. ‘பஜார் புக்’ சந்தையில் எதிராளியிடம் கேட்ட கேள்விகளை, இன்று அதே வட்டாரத்தின் சைவர்கள் எப்படித் திருப்பிக் கேட்பார்கள் என்பது மூன்றாவது. இவற்றில் எதற்கும் விடுதியில் தங்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் வேலூரிலோ திருவண்ணாமலையிலோ உள்ள கற்போர் உதவி மையத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை உட்கார வேண்டும். அதற்கான ஊதியத்தைப் பல்கலைக்கழகம் தருவதா, பேராயமும் மறைமாவட்டமும் பகிர்ந்துகொள்வதா என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டியது.